சாவி வாட்ச் ஏன் நின்றுபோகிறது?

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியதோ, வீட்டு அலமாரியில் கிடந்ததோ, ஒரு பழைய சாவி வாட்ச் ஓடவில்லை என்றால் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் எதுவும் உடைந்திருப்பதில்லை; எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்தத் துளிப் பிசின் ஒரு முழு இயந்திரத்தை எப்படி நிறுத்துகிறது என்று புரிந்துகொண்டால், வாட்ச் பழுதுபார்க்கும் மேசையும் கருவிகளும் ஏன் அப்படி அமைய வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. நம் ஊர் வீடுகளில் இன்றும் அகப்படும் அதன் ‘ஜனதா’வையே எடுத்துக்கொள்வோம். சாவி கொடுக்கும்போது பேரல் என்னும் சிறு உருளைக்குள் மெயின் ஸ்பிரிங் என்னும் சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல விரியும் விசையே பற்சக்கரங்களை ஓட்டுகிறது. நிமிட முள்ளை ஓட்டும் சக்கரம் மணிக்கு ஒரு சுற்றும், விநாடி முள்ளை ஓட்டும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்றும் சுற்ற, வழக்கமாக 15 பற்கள் கொண்ட எஸ்கேப் சக்கரம் 6 விநாடிக்கு ஒரு சுற்றை முடிக்கிறது. அதாவது நிமிட முள்ளிலிருந்து எஸ்கேப் சக்கரத்துக்கு வருவதற்குள் வேகம் 600 மடங்கு கூடுகிறது. வேகம் கூடும் அளவுக்கு முறுக்குவிசை குறைந்தே தீர வேண்டும் என்பதால், கடைசிச் சக்கரத்தில் எஞ்சியிருப்பது மிக மெல்லிய உந்துதல் மட்டுமே. எஸ்கேப் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் பாலெட் என்னும் கவை தடுத்து நிறுத்தி விடுவிக்க, விடுபடும் பல் கொடுக்கும் சிறு தட்டலில் பேலன்ஸ் சக்கரம் ஊசலாடுகிறது. ஹேர் ஸ்பிரிங் என்னும் மயிரிழைச் சுருள் அதைத் திரும்ப இழுக்கிறது. மணிக்கு 18,000 அசைவு என்றால் நாளொன்றுக்கு 4,32,000 அசைவு. இத்தனைக்கும் பேலன்ஸின் எடையைத் தாங்கும் அச்சு முனை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த முனையில் பிசின் ஒட்டினால் வாட்ச் நிற்காமல் என்ன செய்யும்?

டயலில் எழுதியிருக்கும் ‘17 ஜுவல்ஸ்’ அழகுக்காகப் பதித்தவை அல்ல. உராய்வைக் குறைக்கும் செயற்கை மாணிக்கக் கற்கள் அவை; பெரும்பாலானவை அச்சு முனைகளைத் தாங்குகின்றன. கல்லின் துளையைச் சுற்றியுள்ள சிறு குழிவு, நுண்புழைக் கவர்ச்சியால், அதாவது குறுகிய இடுக்கு திரவத்தைத் தன்பால் இழுக்கும் இயல்பால், எண்ணெயை முனையருகே பிடித்து வைக்கிறது. குழிவுக்கு மேல் எண்ணெய் விட்டால் அதே கவர்ச்சி எண்ணெயைத் தட்டின் பரப்புக்கு இழுத்துச் சென்று, முனையை வறளவிடும். ஆகவே மிகுதியாக விடும் எண்ணெய், குறைவாக விடுவதைப் போலவே கெடுதல். விரைந்து சுழலும் மெல்லிய முனைகளுக்கு இலகுவான எண்ணெயும், மெதுவாகச் சுழன்று அழுத்தம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டியானதும் வேண்டும். ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் படவே கூடாது.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கால ஈரமும் சாவித் தண்டு, அதனருகே உள்ள எஃகு நெம்புகள், பழைய மெயின் ஸ்பிரிங் ஆகியவற்றில் துருவேற்றுகின்றன. துரு என்பது இரும்பு ஆக்சைடு. பொற்கொல்லர் மெருகேற்றப் பயன்படுத்தும் செந்தூளும் இரும்பு ஆக்சைடுதான். அது எண்ணெயில் கலந்தால் அச்சையே அரைத்துவிடும். பிரித்த பாகங்களை மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதும், வியர்வை படாமல் விரலுறை அணிவதும் இங்கே கட்டாயம். மின்விசிறியை நிறுத்தியே வேலை செய்ய வேண்டும் என்பதால், சித்திரை, வைகாசியில் விடியற்காலையே உகந்த நேரம்.

மேசை மார்பளவு உயரத்தில், முழங்கைகளை ஊன்றத் தோதாக இருக்கட்டும். வெளிர்நிற விரிப்பும், விளிம்பில் திருகு உருண்டோடாத தடுப்பும் வேண்டும். கண்ணில் மாட்டும் லென்ஸ், சாமணம், 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் வரையான திருப்புளிகள், இயந்திரத்தைப் பிடித்து நிறுத்தும் பிடிப்பான், முள் கழற்றி, எண்ணெய் ஊசி ஆகியவை போதும். பணம் குறைவென்றால் மற்றவற்றில் சிக்கனம் பிடித்து, சாமணத்திலும் திருப்புளியிலும் தாராளமாகச் செலவிடுவதே சரி. முனை தேய்ந்த திருப்புளி திருகின் தலையையும், சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் பாலம் என்னும் தகட்டின் மெருகையும் ஒருசேரக் கெடுக்கும்.

பிரிக்கும் வேலையில் ஒரு வரிசையை மீறக் கூடாது. ஸ்பிரிங் திரும்ப விரியாமல் தடுக்கும் கிளிக் என்னும் கொக்கியை விலக்கி, சாவியை விரலால் பிடித்தபடி மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெதுவாகத் தளர்த்திய பின்பே பாலெட்டைக் கழற்ற வேண்டும். இல்லையேல் தேங்கிய விசை முழுவதும் ஒரே நொடியில் பாய்ந்து பற்களை முறிக்கக்கூடும். பாலெட்டின் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஆல்கஹாலில் ஊறவிட்டால் அரக்கு கரையும்.

துடைத்து, பூட்டி, எண்ணெயிட்ட பின் வாட்சின் துடிப்பொலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துப் பார்க்கலாம். முழுச்சாவியில், டயல் மேல்நோக்கியிருக்கையில் பேலன்ஸ் 270 பாகைக்கு மேல் ஆடினால் நல்ல நிலை. திடீரென வாட்ச் மிக விரைந்து ஓடினால், ஹேர் ஸ்பிரிங் காந்தமேறி அதன் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தநீக்கி அதைத் தீர்க்கும். ஒரு நாளின் 86,400 விநாடிகளில் 20 விநாடி பிசகினாலும் பிழை 0.03 விழுக்காட்டுக்குக் குறைவே என்பதால், பழைய ஜனதாவிடம் அதற்கு மேல் துல்லியம் கேட்பது நியாயமில்லை. படுக்கை நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருந்தால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் நெம்பைத் தொடாமல், பேலன்ஸைக் கழற்றி அச்சு முனையையும் கல்லையும் மறுபடி லென்ஸில் பார்க்க வேண்டும்.