மருதாணி வேலியை எப்போது வெட்டலாம்?

மருதாணி வேலி ஆள் உயரம் தாண்டிவிட்டது, மேலே பச்சை, அடியில் வெறும் குச்சி, எப்போது வெட்டுவது, வெள்ளிக்கிழமை ஆகாதாமே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிழமையை விடுங்கள், செடிக்குக் கிழமை கிடையாது. மழையைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வெட்டினால் இதுவரை நிழலில் இருந்த உள்தண்டுகள் வெயிலில் வெந்துபோகும். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ வெட்டினால் ஐப்பசி மழைக்குத் தழைத்துவிடும்.

சரி, வெட்டினால் ஏன் தழைக்கிறது? நுனிமொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரிதான், ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. ஆக்சின் தண்டில் மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் நகரும். நுனியை வெட்டியதால் அது குறைந்துபோனது ஒரு சாண் கீழே தெரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஆனால் அங்கிருக்கும் மொட்டு சில மணி நேரத்திலேயே வளரத் தொடங்கிவிடுகிறது! எழுப்பியது யார்? 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்தார்கள்: சர்க்கரை. வளரும் நுனி, இலைகள் தயாரிக்கும் சர்க்கரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்கு வேகமாகப் பாய்கிறது. வெட்டாத செடிக்கே சர்க்கரைக் கரைசலை ஏற்றிப் பார்த்தார்கள், அப்போதும் மொட்டு விழித்தது. எவ்வளவு அழகான சோதனை! பட்டாணியின் நுனியைக் கிள்ளிப் பார்க்க எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், இப்படிப்பட்ட ஆய்வுக்குத்தான் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன்.

இலையெல்லாம் போய்விட்டால் சர்க்கரைக்கு எங்கே போவது? வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான். தேயிலைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுவதற்கு முன் பென்சில் தடிமன் வேரை நறுக்கி அயோடின் விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். நன்றாகக் கறுத்தால் கையிருப்பு உண்டு, வெளிறியே இருந்தால் வெட்டைத் தள்ளிப்போடுவார்கள்.

மருதாணி தாங்கும் செடி, ராஜஸ்தானின் சோஜத்தில் அதைத் தரையை ஒட்டி அறுத்துத்தான் பயிர் செய்கிறார்கள். ஆனாலும் பராமரிப்பில்லாமல் கிடந்த பழைய வேலியை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை இந்த வருஷம் தரையை ஒட்டி வெட்டி எடுங்கள், மீதியை அடுத்த இரண்டு வருஷத்தில். மேலே மட்டும் கத்தரித்துக்கொண்டே இருந்தால் வெளிப்புறம் அடர்ந்து உள்ளே வெளிச்சம் போகாது, அடி இன்னும் வெறுமையாகும். அப்புறம், அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும். அரிவாளைத் தூக்குமுன் உள்ளே தையல்சிட்டோ சின்னானோ கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குஞ்சு பறக்கும் வரை பொறுங்கள்.

ஊட்டிப் பக்கம் சைப்ரஸ் வேலி வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை ஆகாது. அதன் பழைய பழுப்புத் தண்டில் விழிக்கத் தயாரான மொட்டே பெரும்பாலும் இருக்காது, பச்சையைத் தாண்டி வெட்டினால் அந்தக் கிளை வெறுங்குச்சியாகவே நிற்கும்.