நீர்க்கடுப்பு மாத்திரைக்குச் சீட்டு ஏன் கட்டாயம்? ஹெச்1 விதி விளக்கம்

நீர்க்கடுப்பு என்று சொன்னதும் சீட்டே கேட்காமல் ஆன்டிபயாடிக் எடுத்து நீட்டும் மருந்துக் கடைகள் இன்னும் இருக்கின்றன. அது உதவியல்ல, விதிமீறல்.

மருந்து விதிகளில் 'ஹெச்1' என்ற அட்டவணையை மத்திய அரசு 2013 ஆகஸ்டில் சேர்த்தது. 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் 46 மருந்துகள் அதில் இருந்தன. சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன் ஊசி, கடைசி ஆயுதமாகப் பயன்படும் மெரோபெனம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

செஃபிக்சிம் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள், மருத்துவ ஆலோசனையின்றி இதைச் சாப்பிடுவது ஆபத்து, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். இதை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றை எழுதி, 3 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். மருந்து ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். ஆகவே உங்கள் பெயரைக் கேட்டு எழுதும் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்தான் சரியாக நடக்கிறார்.

நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டும் 'ஹெச்' என்ற வேறொரு அட்டவணையில் வருகின்றன. இவற்றுக்கு இந்தப் பதிவேடு கிடையாது, சீட்டு மட்டும் கட்டாயம். போன வருஷத்துச் சீட்டைக் காட்டி மறுபடி வாங்குவதும் செல்லாது. மீண்டும் தரலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தால்தான் தரலாம்.

இவ்வளவு கெடுபிடி தேவைதான். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. எதற்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் அது குடலையும் தொடும். மருந்துக்கு அடங்குபவை சாக, அடங்காதவை பெருகும். அடுத்த முறை சிறுநீர்ப்பைக்குள் ஏறுவது அவையாக இருக்கலாம். நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஈ.கோலை மாதிரிகளில் பாதிக்கும் மேல் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படுவதில்லை. நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற மருந்துகள் இன்னும் நன்றாகவே கேட்கின்றன. ஆனால் தொற்று சிறுநீரகம் வரை போயிருந்தால் நைட்ரோஃபுரன்டாயின் போதாது. குளிர்காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர், கவுன்டரில் நிற்பவர் அல்ல.

அடிக்கடி தொற்று வருபவர்களும் கர்ப்பிணிகளும் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி கொடுத்துவிட வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி வளராமல் போகலாம். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று அதில் தெளிவாக இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறை மருத்துவருக்கு அதுதான் வழிகாட்டி.

ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்பதையும் சீட்டில் குறிப்பிடும்படி மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் சீட்டில் காரணம் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

சீட்டில்லாமல் தொடர்ந்து விற்கும் கடை மீது, தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் தரலாம். பில் இருந்தால் நகலை இணையுங்கள். விதிமீறல் உறுதியானால் உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ துறைக்கு அதிகாரம் உண்டு.