நிதி ஒதுக்கியாயிற்று, மருந்து ஏன் இல்லை?

2001-இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள், அரசு பட்ஜெட்டில் 15 சதவீதத்தையாவது சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி கொடுத்தன. பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. தொகை போதாதது உண்மைதான். ஆனால் அரசு மருத்துவமனையில் மருந்து அலமாரி காலியாகக் கிடப்பதற்கு அது மட்டுமே காரணமில்லை. பணம் எந்த மாதம் கைக்கு வருகிறது, எந்தக் கணக்குத் தலைப்பில் (மருந்து, சம்பளம் என்று பட்ஜெட் பிரித்து வைக்கும் செலவு வகையில்) வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு மருத்துவமனையில் மாதம் 10,000 ரத்த அழுத்த மாத்திரை செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேர 4 மாதம், அவசரக் கையிருப்பு 2 மாதத்துக்கு. அப்படியானால் ஸ்டாக் 60,000-க்கு இறங்கியதுமே ஆர்டர் போயாக வேண்டும். நிதியாண்டு தொடங்கும்போது சரியாக 60,000 இருக்கிறது. முதல் தவணைப் பணமோ 4 மாதம் கழித்துத்தான் வருகிறது. சரக்கு 8 மாதம் முடிந்து வரும், மாத்திரை 6 மாதத்திலேயே தீர்ந்துவிடும். இடையில் 2 மாதம் நோயாளி வெளியே வாங்குவார். கையில் காசில்லாதவர் மாத்திரையையே விட்டுவிடுவார். ஆண்டுத் தொகை முழுசாக வந்திருந்தாலும் இதே கதிதான்.

கடைசி மாதத்தில் நேர் எதிர்க் கூத்து. செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்பதால், தேவையானதை விட்டுவிட்டுச் சீக்கிரம் கிடைப்பதை வாங்குவார்கள். பில் தாமதமாகும் என்று தெரிந்த சப்ளையர் அந்தத் தாமதத்துக்கான வட்டியையும் டெண்டர் விலையிலேயே ஏற்றிவிடுவார்.

நன்கொடையாக வரும் ரத்தப் பரிசோதனைக் கருவியும் இப்படித்தான். அதே கம்பெனியின் ரீஏஜென்ட்டை (பரிசோதனைக்கு ஊற்றும் ரசாயனத்தை) மட்டுமே ஏற்கும் கருவிகள் பல உண்டு. ஒரு பரிசோதனைக்கு ரீஏஜென்ட் செலவு எவ்வளவு, வாரன்ட்டி முடிந்தபின் சர்வீஸ் யார், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டால், கருவி உறை போட்டபடி மூலையில் நிற்கும்.

நோயாளியிடம் வாங்கும் கட்டணத்தை ரத்து செய்துவிட்டால் போதாதா? உகாண்டா 2001-இல் அரசு மருத்துவமனைகளின் பொதுப்பிரிவில் கட்டணத்தை ரத்து செய்தது. ஏழைகளின் வருகை நன்றாகவே கூடியது. சரியான முடிவுதான். ஆனால் சோப்பு, பல்பு, துப்புரவுப் பணியாளரின் தினக்கூலி எல்லாம் அந்தச் சில்லறைக் காசில் ஓடுபவை. ஈடாக ஒரு தொகை மருத்துவமனையின் கணக்குக்கே நேராக, கூட்டம் கூடுவதற்கு முன்பே வந்தாக வேண்டும்.

அடுத்த பட்ஜெட் அறிக்கை வரும்போது ஒதுக்கீட்டுப் பத்தியோடு நிறுத்தாமல், போன ஆண்டு உண்மையில் விடுவித்தது எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதையும் தேடிப் பாருங்கள். பல இடங்களில் மாதவாரிக் கணக்கை வெளியிடுவதே இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.