வளர்த்த நாயை ரோட்டுல விட்டுட்டு போனா யாருகிட்ட போறது, எதை எழுதி வாங்கறது

வீடு மாத்தறாங்க, கல்யாணம் ஆகுது, குழந்தை பொறக்குது, இல்லைன்னா நாய்க்கு சொறி வந்துருச்சு வைத்தியத்துக்கு காசு எச்சா ஆகுதுன்னு ராத்திரியோட ராத்திரியா கார்ல ஏத்திட்டு போய் பைபாஸ்ல எறக்கி விட்டுட்டு வந்தர்றாங்க. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் எங்க வேணா பாருங்க, ஊர் முடியற எடத்துல ஏதாச்சும் ஒரு பேக்கரி முன்னாடி ஒரு லாப்ரடாரோ ஒரு பக்கோ நிக்கும். கழுத்துல பெல்ட் கெடந்த எடம் மட்டும் முடி தேஞ்சு வளையமா தெரியும். வந்து நிக்கற ஒவ்வொரு கார் கதவையும் போய் மோந்து பாக்கும். அதை பாத்துட்டு சும்மா போக மனசு வராதவங்கதான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வெறுத்து போறாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

சட்டத்தை சுருக்கமா முடிச்சர்றேன். 1960ம் வருஷத்து பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1)(ஐ). பசியிலயோ தாகத்துலயோ தவிக்கற நெலமைல ஒரு பிராணியை நியாயமான காரணம் இல்லாம கைவிட்டா குத்தம். அபராதம் எவ்வளவு தெரியுங்களா, முதல் தடவைன்னா 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும். 1960ல போட்ட அந்த அம்பது ரூபாய் உச்சவரம்பு இன்னும் அங்கியேதான் நிக்குது. "அம்பது ரூவா ஃபைனுக்கு எதுக்குங்க கேஸு"ன்னு ஸ்டேஷன்லயே சிரிப்பாங்க, சிரிச்சா சிரிச்சுட்டு போகட்டும், நமக்கு வேண்டியது அந்த அம்பது ரூவா இல்ல, ஒரு ரசீது.

ரசீது எதுக்குன்னா, நாயை பாவம்னு வீட்டுக்கு கூட்டிட்டு வந்து ஊசி போட்டு குளிக்க வெச்சு தேத்துன பொறவு ஒரு நாள் அந்த ஓனர் வந்து நிப்பாரு. நாங்க விடலைங்க, காணாம போச்சு, நீங்கதான் புடிச்சு வெச்சிருக்கீங்கன்னு பேச்சு அப்படியே திரும்பிரும். எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா இப்படித்தான் மாட்டுனாங்க, சோறு போட்டவங்களே திருட்டு பட்டம் வாங்கி தெருவுக்கே பதில் சொல்ல வேண்டியதா போச்சு. நாய் கைக்கு வந்த அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதி குடுத்து சி.எஸ்.ஆர், அதாவது மனு வாங்கிட்டோம்னு போலீஸ் குடுக்கற ரசீது, வாங்கியிருந்தா இந்த அலும்பே இருந்திருக்காது.

ஸ்டேஷன்ல என்ன நடக்கும்னு சொல்றேன். முதல்ல ரைட்டர் "நாய்க்கெல்லாம் இங்க வரக்கூடாதுங்க, கார்ப்பரேஷனுக்கு போங்க"ம்பாரு. நீங்க பிரிவு நம்பரை சொன்னீங்கன்னா அடுத்து "எஃப்.ஐ.ஆர் போட முடியாது"ம்பாரு. இதுல அவர் சொல்றது சரிதான், கைவிடற குத்தத்துக்கு மேஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம போலீஸ் தானா விசாரிக்க முடியாது. ஆனா எஃப்.ஐ.ஆர் போட முடியாதுங்கறதும் மனுவே வாங்க மாட்டேங்கறதும் ஒண்ணு கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு பதிலா புதுசா வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்துல பிரிவு 174 இருக்கு, இந்த மாதிரி புகார் வந்தா சாராம்சத்தை புக்குல எழுதிட்டு, புகார் குடுத்தவரை மேஜிஸ்ட்ரேட்கிட்ட அனுப்பணும்னு அதுல தெளிவா இருக்கு. அதனால எஃப்.ஐ.ஆருக்கு மல்லுக்கட்டாதீங்க, "174ல பதிஞ்சுட்டு சி.எஸ்.ஆர் குடுங்க சார்"னு மட்டும் கேளுங்க. குரலை ஒசத்தாம திரும்பத் திரும்ப அதே வரி. மனுவை ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல சீல் வாங்கிக்கோங்க.

மனுவுல கதை எழுதாதீங்க. எந்த தேதி, எந்த நேரம், எந்த எடம், என்ன வண்டி, வண்டி நம்பர் தெரிஞ்சா நம்பர், நாயோட நெறம், ஆணா பெண்ணா, இப்ப நாய் யார் பொறுப்புல இருக்குது. கடைசியா "உரிமையாளர் யாரென்று தெரியவில்லை, பாதுகாப்புக்காக மட்டுமே என் பொறுப்பில் வைத்துள்ளேன்"னு ஒரு வரி. அந்த ஒரு வரியை விட்டுட்டு மத்ததெல்லாம் உருக்கமா எழுதிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி.

அதை விட பெரிய பொறி, காலக்கெடு. இந்த சட்டத்துல வழக்கு போடணும்னா குத்தம் நடந்து மூணு மாசத்துக்குள்ள போட்டாகணும், பிரிவு 36. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. "அடுத்த வாரம் வாங்க", "அய்யா பந்தோபஸ்து போயிருக்காரு"ன்னு இழுத்தடிக்கறதுலயே மூணு மாசம் ஓடிரும், அப்புறம் கேஸே இல்ல. வண்டி நம்பரும் சி.சி.டி.வியும் கையில இருக்குதுன்னா வக்கீல் ஒருத்தரை புடிச்சு நேரா மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல தனிப் புகாரா போட்டுருங்க. சி.சி.டி.வின்னதும் ஞாபகம் வருது, கடைக்காரர்கிட்ட "வெச்சிருங்கண்ணா, அப்புறம் வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டு வந்தர்றாங்க, சில நாள்ல பழசு மேல புதுசு ஏறி அழிஞ்சு போயிரும். அப்பவே போன்ல காப்பி வாங்குங்க.

நாயை வண்டில இருந்து தூக்கி வீசி கால் ஒடஞ்சுது, விஷம் வெச்சாங்க, அடிச்சு கொன்னாங்கன்னா அது வேற கணக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பி.என்.எஸ், பிரிவு 325, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில், இதுல எஃப்.ஐ.ஆர் போட முடியும். காயத்துக்கு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்குங்க. செத்து போச்சுன்னா பாவம்னு பொதைச்சராதீங்க, போலீஸ் லெட்டரோட போஸ்ட்மார்ட்டம் ஆனாத்தான் கேஸ் நிக்கும்.

இப்ப கார்ப்பரேஷன். இங்கதான் நல்ல மனசுக்காரங்க எல்லாரும் போய் விழறாங்க. 2023ல வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள்ல, வீடு இல்லாம ரோட்டுல திரியற நாயை, அது கைவிடப்பட்ட சாதி நாயா இருந்தாலும் தெரு நாய் கணக்குலதான் சேர்த்திருக்காங்க. அந்த கணக்குல என்ன பண்ணுவாங்கன்னா, புடிச்சு, கருத்தடை பண்ணி, வெறிநாய் ஊசி போட்டு, காதுல அடையாளம் வெட்டி, புடிச்ச எடத்துலயே திரும்ப விடணும். தெருவுலயே பொறந்து வளர்ந்த நாய்க்கு இது சரியான ஏற்பாடு, நான் குறை சொல்லலை. ஆனா சோபால படுத்து பெடிகிரி தின்னு வளர்ந்ததை கொண்டு போய் அதே பைபாஸ்ல விட்டா என்ன ஆகும்? கார்ப்பரேஷனுக்கு போன் பண்ணுனா நாயை எங்கியோ வெச்சு பாத்துக்குவாங்கன்னு நெனைச்சு போன் பண்றவங்களுக்கு இது தெரியறதே இல்ல. அதனால வளர்ப்பு நாய்னு தெரிஞ்சா முதல் போன் கார்ப்பரேஷனுக்கு வேண்டாம். ஏற்கனவே புடிச்சுட்டு போயிட்டாங்கன்னா விடறதுக்கு முன்னாடி ஓடுங்க, கோவைல சீரநாயக்கன்பாளையம், உக்கடம் கருத்தடை சென்டர்கள்ல நேர்ல போய் பாத்து, நாங்க எடுத்துக்கறோம்னு எழுதி குடுங்க.

2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் இன்னொண்ணு சொல்லியிருக்கு. ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வளாகத்துல புடிக்கற நாயை அதே எடத்துல திரும்ப விடக்கூடாது, காப்பகத்துல வெக்கணும்னு. ஜி.எச் காம்பவுண்டுக்குள்ள விட்டா யாராச்சும் சோறு போடுவாங்கன்னு நெனைச்சு விட்டுட்டு போற ஆளுங்க இன்னும் இருக்காங்க. அங்க விட்ட நாய் எந்த காப்பகத்துக்கு போச்சுன்னு தேடி கண்டுபுடிக்கறது ஒரு தனி சோலி.

கார்ப்பரேஷன் எல்லை தாண்டி பஞ்சாயத்துல விட்டிருந்தா கேக்கவே வேண்டாம். இவங்க "எங்க வார்டு இல்லைங்க"ம்பாங்க, பஞ்சாயத்துல "எங்ககிட்ட வண்டியே இல்லைங்க"ம்பாங்க. 1962க்கு போன் போட்டா அது முக்கியமா ஆடு மாட்டுக்கு வர்ற நடமாடும் வண்டி, இந்த நாயை கூட்டிட்டு போக வராது. இந்திய விலங்குகள் நல வாரியம்னு ஒண்ணு இருக்கு, ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில 1962ல ஆரம்பிச்சது, ரொம்ப வருஷம் சென்னைலதான் இருந்துச்சு, இப்ப ஹரியானால. மெயில் போட்டு வெய்யுங்க, பதிலுக்கு காத்துட்டு இருக்காதீங்க.

இதுக்கு திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் எவ்வளவோ மேல். ஒவ்வொரு மாவட்டத்துலயும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்கணும்னு 2001லயே விதி போட்டிருக்கு. "நம்ம மாவட்ட சங்கம் கடைசியா எப்ப கூடுச்சு, இந்த நாய்க்கு என்ன ஏற்பாடு"ன்னு மனுவுல கேட்டு நம்பர் வாங்குங்க. நேர்ல போக முடியலைன்னா முதல்வர் உதவி மைய நம்பர் 1100ல பதியுங்க.

முதல் நாள் செய்ய வேண்டியதையும் சொல்லிர்றேன். கைவிட்டதா, தொலைஞ்சதான்னு பாருங்க, முக்கியமா தீபாவளி சமயத்துல. வெடி சத்தத்துக்கு மெரண்டு ஓடி வந்த நாயை தேடி வீட்டுக்காரங்க பக்கத்து தெருவுலயே அழுதுட்டு இருப்பாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் மைக்ரோசிப் ஸ்கேன் பண்ண சொல்லுங்க, 15 இலக்க நம்பர் கெடச்சா, சாதி நாய்களை பதியற கென்னல் கிளப்ல பதிஞ்ச நாயா இருந்தா ஆளை புடிக்க வழி உண்டு. பயந்த நாய் கடிக்கும், கீறல் பட்டாலும் சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணில கழுவிட்டு ஜி.எச்ல ஊசி போட்டுருங்க, அது இலவசம்.

யாராச்சும் "ஆனைகட்டி பக்கம் காட்டுல விட்டுருங்க, பொழச்சுக்கும்"னு ஐடியா குடுப்பாங்க. சிறுத்தை நடமாடற எடம் அது.

வளர்க்க முடியலைன்னு தவிக்கற ஓனருக்கும் ஒண்ணு. அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஓட்டு போட்டு முடிவு பண்ணிட்டாங்க, நாயை அனுப்பியே ஆகணும்னு சொன்னா உடனே பயந்துராதீங்க, மெஜாரிட்டி இருந்தாலும் வளர்ப்பு பிராணிக்கு தடை போட முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு, அதை பிரிண்ட் எடுத்து செக்ரட்டரி கையில குடுங்க. வாடகை வீடுன்னா மட்டும் அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல பாத்துக்கோங்க. ஊசி கார்டும் கருத்தடை பண்ண சீட்டும் கையில இருந்தா தத்து எடுக்க ஆள் சீக்கிரம் கெடைக்கும். இனப்பெருக்கத்துக்குன்னு பெட்டை நாயை கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் குடுத்துராதீங்க, குட்டி போடற வயசு முடிஞ்சதும் அதே பைபாஸ்லதான் கொண்டு வந்து விடுவாங்க.