இசைக் கருத்தரங்கு இணையத்துக்குப் போனால் பாட்டு என்னாகும்?

2020 அக்டோபரில் கனடாவின் ஒட்டாவாவில் கூடவிருந்த பல சமூகங்களின் இசையை ஆராயும் இன இசையியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு, பெருந்தொற்றால் முழுக்க இணையத்துக்கு மாறியது. திரையிசை, கானா, ராப் என்று வெகுசன இசையை ஆராய்கிறவர்களின் கூட்டங்களும் அதே வழிக்கு வந்தன. இப்படிப்பட்ட அமர்வுகளுக்கு ஒலி பார்த்துக்கொடுப்பது என் வேலை. பதிவுக் கட்டணம், சான்றிதழ், பேச்சாளர் வரிசை எல்லாம் முடிவான பிறகுதான் பெரும்பாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். இசைக் கருத்தரங்கில் முதலில் பேச வேண்டியதே ஒலியைப் பற்றித்தான்.

ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சல்லாததை இரைச்சல் என்று அமுக்கிவிடும். மாறாமல் ஒலிக்கும் தம்புரா அதற்கு மின்விசிறிச் சத்தம். பறையடி பாதி தேய்ந்துதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஒரு மாணவி தாளக்கட்டைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். அந்தத் தாளமே கேட்கவில்லை என்றால் அவர் வாதத்தை எதை வைத்து எடைபோடுவது?

ஜூமின் ஒலி அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற வசதியை இயக்கினால் இந்த அமுக்கல் நின்றுவிடும். கூடவே ஹெட்போன் கட்டாயம். இது மைக்கில் பாடுபவருக்கு. கணினியில் உள்ள பாட்டைப் போட, திரையைப் பகிரும்போது 'ஷேர் சவுண்ட்' கட்டத்தில் டிக் செய்து, அங்கேயே ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு மைக்கில் பிடிப்பது வேண்டவே வேண்டாம். இரண்டு ஊர்க்காரர்கள் நேரலையில் சேர்ந்து வாசிக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். தாமதம் 30 மில்லிநொடியைத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கும்.

நேரம் இன்னொரு சிக்கல். அக்டோபரில் ஒட்டாவாவில் காலை 10 மணி என்றால் சென்னையில் இரவு 7.30, டோக்கியோவில் இரவு 11. உரைகளை முன்பே பதிந்து வாங்கி, கேள்வி நேரத்தை மட்டும் நேரலையில் வைக்கலாம்.

யூடியூபில் நேரலை விடுகிறவர்கள் கவனிக்க: பதிப்புரிமையைச் சோதிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி மென்பொருள் பாட்டை அடையாளம் கண்டு ஒளிபரப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமாகப் பயன்படுத்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த மென்பொருள் பாட்டு யாருடையது என்றுதான் பார்க்கும், எதற்காகப் போட்டீர்கள் என்று பார்க்காது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது களப்பதிவுகள். சாவு வீட்டில் கானா பாடியவர், ஒரு வகுப்பறையில் போட்டுக்காட்டத்தான் ஆய்வாளருக்குச் சம்மதம் தந்திருப்பார். அதே பதிவு இணையத்தில் ஏறினால் யாரும் இறக்கி, வெட்டி, ஒட்டிக்கொள்ளலாம். இறந்தவர் பெயரும் உறவுகளின் பெயரும் பாட்டுக்குள்ளேயே இருக்கும். அறைக்குத் தந்த சம்மதம் இணையத்துக்குச் செல்லாது. பாடியவரிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டும். கேட்க வழியில்லை என்றால், பாட்டைப் போடாமல் பெயர்களை நீக்கி வரிகளை மட்டும் வாசிக்கச் சொல்கிறேன். ஆய்வுச் சுருக்கம் கேட்டு அனுப்பும் மடலிலேயே ஏற்பாட்டாளர்கள் இதற்கும் ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால், பாடகரைத் தேடிப்போக ஆய்வாளருக்குச் சில மாதங்களாவது கிடைக்கும்.