30 லாக், 67 மீட்டர்: படகு மேடேறும் கணக்கு

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குத் தெற்கே டார்டபிக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வூஸ்டர் - பர்மிங்காம் கால்வாய் அங்கே சுமார் 3.6 கிலோமீட்டருக்குள் 67 மீட்டர் உயரம் ஏறுகிறது. 15 டன் எடையுள்ள இரும்புப் படகை அந்த மேட்டில் ஏற்றுபவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த நாலைந்து நண்பர்கள்தான். அவர்களில் பலர் முந்தின நாள்வரை படகைத் தொட்டுப் பார்த்திருக்கவே மாட்டார்கள். வாடகைப் படகு ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

படகில் டீசல் இன்ஜின் உண்டு. ஆனால் அது படகை முன்னே தள்ளுவதோடு சரி. அதிலும் மணிக்கு 6.4 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மேலே தூக்கும் வேலை முழுவதையும் தண்ணீர்தான் செய்கிறது. இதற்கு மின்சாரமோ மோட்டாரோ கிடையாது.

இந்தப் படகுகளுக்கு நாரோபோட் என்று பெயர். அகலம் 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நீளம் பல படகுகளில் 17 மீட்டருக்கும் மேல். இந்த விநோத அளவுக்குக் காரணம் 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் எடுத்த முடிவு. படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டியான லாக்கை 7 அடி அகலத்தில் கட்டினால் போதும் என்றார் அவர். கட்டுமானச் செலவு குறையும், ஒவ்வொரு முறையும் இறங்கும் தண்ணீரும் குறையும். அந்த 7 அடிக்குள் நுழைய வேண்டும் என்பதால்தான் இன்றைக்கும் படகுகள் ஒல்லியாக இருக்கின்றன.

சரி, லாக் என்பது என்ன? கால்வாயின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் நடுவே கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய நீளமான தொட்டி, இரு முனையிலும் கதவு. சீனாவின் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டிலேயே சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி இப்படி ஒன்றைக் கட்டியிருக்கிறார். கீழிருந்து வரும் படகு, தண்ணீர் வடிந்த தொட்டிக்குள் நுழைகிறது. பின்னால் கீழ்க்கதவை மூடுகிறார்கள். மேல்பக்கத்தில் தண்ணீர் வரும் துளையை மூடியிருக்கும் ஷட்டரைத் திறந்தால் மேல்மட்டத் தண்ணீர் உள்ளே பாய்கிறது, படகு மிதந்தபடியே உயர்கிறது. உள்ளும் வெளியும் மட்டம் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்து படகை வெளியே எடுக்கிறார்கள்.

ஷட்டரைத் தூக்க விண்ட்லஸ் என்ற கைப்பிடி போதும். வளைந்த இரும்புக் கைப்பிடிதான், ஒரு முனையில் சதுரத் துளை இருக்கும். அதைப் பல்சக்கரத்தின் அச்சில் மாட்டிச் சுற்ற வேண்டும். இது கையிலிருந்து நழுவிக் கால்வாயில் விழுவது விடுமுறைக்காரர்களுக்குப் புதிதல்ல, அதனால் இரண்டு மூன்று வைத்திருப்பார்கள்.

கதவு விஷயம் இன்னும் சுவாரசியமானது. அதில் தாழ்ப்பாள் இல்லை. மேல்மட்டத் தண்ணீரின் அழுத்தமே அதை மூடி வைக்கிறது. மேல்கதவு 2.1 மீட்டர் அகலம், அதன்மேல் சாய்ந்திருக்கும் தண்ணீர் 1.5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது அந்தக் கதவை அழுத்தும் விசை 2 டன்னுக்கும் மேல். தொட்டி ஏறக்குறைய நிரம்பி, 10 சென்டிமீட்டர் வித்தியாசம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் 300 கிலோ இருக்கும். கதவோடு பொருத்திய நீண்ட மர உத்தரம் நெம்புகோலாக உதவுகிறது, அப்படியும் 100 கிலோவுக்குமேல் தள்ள வேண்டியிருக்கும். வித்தியாசம் 1 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதே உத்தரத்தை ஒரே ஆள் முதுகைக் கொடுத்துத் தள்ளிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால் அந்தக் கடைசிச் சில சென்டிமீட்டர்தான் நிரம்பவே நிரம்பாது. துளை வழியாகத் தண்ணீர் பாயும் வேகம் மட்ட வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2 மீட்டர் வித்தியாசத்தில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சீறி வரும் தண்ணீர், 10 சென்டிமீட்டரில் ஒன்றரை மீட்டருக்கும் கீழே தளர்ந்துவிடும். பொறுமையில்லாத நண்பர் அப்போதே உத்தரத்தில் மல்லுக்கட்ட ஆரம்பிப்பார். கதவு அசையாது. அனுபவசாலி உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார்.

கீழ்ப்பக்கம் பெரும்பாலும் இரண்டு சிறு கதவுகள் இருக்கும். மூடும்போது அவை நேர்க்கோட்டில் நிற்காமல், மேல்மட்டத்தை நோக்கிக் கூம்பியபடி சந்திக்கும். தண்ணீர் அழுத்த அழுத்த இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரக் கால்வாய்களில் லியனார்டோ டா வின்சி கொண்டுவந்த யோசனை என்று இதைச் சொல்வார்கள்.

இனி தண்ணீர்க் கணக்கு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 22 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் ஏற்றம் என்றால் ஒரு லாக்கை நிரப்ப ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் வேண்டும். உள்ளே படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அளவு மாறாது. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கியபடியே மேலே வருகிறது, அதனால் மட்டத்தை உயர்த்தத் தேவைப்படும் அளவு அதே 1 லட்சம்தான். படகின் எடை அதற்கப்புறம்தான் கணக்கில் வருகிறது. மேலே வந்த 15 டன் படகு தொட்டியை விட்டு வெளியேறும்போது, அது அடைத்திருந்த இடத்தில் மேல்மட்டத்திலிருந்து இன்னொரு 15 ஆயிரம் லிட்டர் வந்து நிறைகிறது. ஆக, ஏறும் படகுக்குச் செலவு 1,15,000 லிட்டர். இறங்கும் படகோ நிரம்பிய தொட்டிக்குள் நுழையும்போதே 15 ஆயிரம் லிட்டரை மேல்மட்டத்துக்குத் திருப்பித் தள்ளிவிடுகிறது. அதன் செலவு 85,000 லிட்டர்தான்.

டார்டபிக்கில் 30 லாக் இருப்பதால் 30 லட்சம் லிட்டர் ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு லாக்கிலிருந்து வடியும் தண்ணீர் கீழே இருக்கும் அடுத்த லாக்கை நிரப்ப உதவும். மொத்தத்தில் உச்சியிலிருந்து ஒரு லாக் அளவு தண்ணீர் அடிவரை இறங்குகிறது, அவ்வளவுதான். ஏறும் படகும் இறங்கும் படகும் மாறி மாறி வந்தால் இன்னும் லாபம், ஒரே நிரப்பலில் இரண்டும் கடந்துவிடும். இதனால்தான் எதிரே படகு வருவது தெரிந்தும் அதற்குத் தோதாக இருக்கும் லாக்கை நமக்காக வடிப்பதையோ நிரப்புவதையோ அங்கே மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். ஷட்டரை மூட மறந்து போவது அதைவிட மோசம். டார்டபிக்கில் லாக்குகளுக்கு நடுவிலுள்ள கால்வாய்த் துண்டுகள் மிகக் குட்டையானவை. ஒரு ஷட்டர் திறந்தே கிடந்தால் அந்தத் துண்டு வற்றி, அடுத்து வரும் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

இறங்கும்போது ஓர் ஆபத்து உண்டு. மேல்கதவு தொட்டியின் அடிவரை போவதில்லை, ஒரு கல் மேடையின் மேல்தான் நிற்கிறது. தொட்டி நிரம்பியிருக்கும்போது அந்த மேடை கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்பகுதி அதற்கு மேலே இருக்கும்போது தண்ணீர் வடிந்தால், பின்பகுதி மேடையில் மாட்டிக்கொள்ளும், முன்பகுதி மட்டும் கீழே இறங்கும். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் சில நிமிடங்களில் மூழ்கிவிடும். மேடை எதுவரை நீள்கிறது என்று காட்டப் பக்கச் சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். சுக்கான் பிடிப்பவர் படகின் பின்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டி முன்னே இருக்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். ஷட்டர் பக்கம் நிற்பவரும் பேச்சுச் சுவாரசியத்தில் மூழ்காமல் படகையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏதாவது தட்டுகிற மாதிரி தெரிந்தால் உடனே ஷட்டரை இறக்கிவிடலாம்.

டார்டபிக்கின் மேல்கோடி லாக் மற்றவற்றைவிட ஆழமானது. கால்வாய் கட்டும்போதே உச்சிக்குத் தண்ணீர் எப்படிக் கொண்டுவருவது என்ற கவலை இருந்தது. அதனால் 1808இல் ஜான் வுட்ஹவுஸ் என்பவர் அந்த இடத்தில் ஒரு படகுத் தூக்கியைச் சோதனையாக அமைத்தார். தண்ணீர் நிரப்பிய மரத்தொட்டியில் படகு மிதக்கும், எதிர்ப்பக்கம் சங்கிலியில் அதே எடை தொங்கும். உள்ளே வரும் படகு தன் எடையளவு தண்ணீரை வெளியேற்றிவிடுவதால் தொட்டியின் எடை எப்போதும் ஒன்றுதான். கொஞ்சம் பலம் கொடுத்தாலே ஏறும், இறங்கும், தண்ணீரும் வீணாகாது. ஆனால் அன்றாட முரட்டு உபயோகத்தை இது தாங்காது என்று கால்வாய் நிறுவனம் கைவிட்டது. அந்த இடத்தில் லாக்கையே கட்டினார்கள். 1815இல் கால்வாய் முழுதாகத் திறக்கப்பட்டது. கீழே ஒரு நீர்த்தேக்கம் அமைத்து, அதிலிருந்து உச்சிக்கு நீராவி இன்ஜினால் தண்ணீர் ஏற்றினார்கள்.

வுட்ஹவுஸின் கணக்கு தப்பில்லை. ஸ்காட்லாந்தில் 2002இல் திறந்த ஃபால்கர்க் சக்கரம் அதே எடைச் சமநிலையை நம்பித்தான் படகுகளை 24 மீட்டர் தூக்குகிறது. ஒரு அரைச்சுற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஒன்றரை யூனிட்.