வாலை ஆட்டுகிற நாயைக் கொல்லச் சொல்லாதீர்கள்: ரக்கூன் வேட்டைக்குப் போகிறவர்களிடம் ஒரு கால்நடை மருத்துவர்

இந்த வேட்டை சீசனில் கால் விழுந்து என்னிடம் வந்த நான்காவது நாய் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஓஹியோவின் தெற்கே, மலையும் ஓடையும் சோளக்காடுமாக இருக்கிற பகுதியில் என் கிளினிக். நவம்பர் பிறந்தால் பாதி ஊர் ராத்திரியில் தூங்காது. கூன்ஹவுண்ட் நாய்களை அவிழ்த்துவிட்டு, அவை ரக்கூனை எந்த மரத்தில் ஏற்றுகின்றன என்று காது கொடுத்துக் கேட்டபடி காட்டுக்குள் நடப்பார்கள். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: ரக்கூன் நம் மரநாய் அல்ல. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வளையம் போட்ட வாலும் உள்ள, நாலு முதல் ஒன்பது கிலோ எடை வரும் அமெரிக்கப் பிராணி. கை நம் கை மாதிரி. குப்பைத் தொட்டி மூடியைத் திறந்துவிடும்.

அன்று காலை எட்டு மணிக்கு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் போர்வைக்குள் மூன்று வயது புளூடிக் ஒன்று, கூன்ஹவுண்டில் ஒரு வகை. கொண்டுவந்தவர் சேலத்துக்காரர், கொலம்பஸில் மென்பொருள் வேலை. அலுவலக நண்பர் ஒருநாள் கூட்டிப்போக, பித்துப் பிடித்து நாயும் வாங்கிவிட்டார். நாய்க்குப் பெயர் பாண்டி. பின்கால் இரண்டும் துணி மாதிரி கிடந்தன. முன்காலை ஊன்றப் பார்த்தது, முடியவில்லை. குரைக்க வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

“மேடம், ரக்கூன் கடிச்சுப் பத்து நாள் ஆச்சு. வெறி புடிச்சிருச்சு. சின்னப் பசங்க இருக்கிற வீடு. ஊசி போட்டு முடிச்சிருங்க” என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் குனிந்து “பாண்டி” என்றேன். வால் தரையில் டப் டப் என்று அடித்தது.

இதற்குப் பெயர் கூன்ஹவுண்ட் பராலிசிஸ். ரக்கூனின் எச்சில் உடம்புக்குள் போய் ஒன்றிரண்டு வாரத்தில் வருவது. நாயின் எதிர்ப்பு சக்தி தன் நரம்பையே தாக்கிவிடுகிறது. மனிதர்களுக்கு வரும் கில்லன் பாரே என்ற நரம்பு நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாய்க்கும் தொற்றாது, உங்களுக்கும் தொற்றாது. கடிபட்ட எல்லா நாய்க்கும் வருவதில்லை. ரக்கூனையே பார்க்காத நாய்க்கும் எப்போதாவது இதே வாதம் வருவதுண்டு, அது தனிக் கதை.

இது வெறிநோய் அல்ல. மறுபடியும் சொல்கிறேன், வெறிநோய் அல்ல. நம் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடுகிறது. குறை சொல்லவும் மனம் வரவில்லை. “வெறிநாய் கடிச்சா செத்தான்” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடி என்ற சொல்லும் கால் விழுந்த நாயும் ஒரே வாக்கியத்தில் வந்தால் மனசு அங்கேதான் ஓடும். ஆனால் நாயைக் கொஞ்சம் பாருங்கள். கூன்ஹவுண்ட் பராலிசிஸ் வந்த நாய் உங்களை அடையாளம் தெரிந்துகொள்ளும், பேர் சொன்னால் திரும்பும், வாய்க்குப் பக்கத்தில் தட்டைக் கொண்டுபோனால் சாப்பிடும், வாலை ஆட்டும். மூத்திரத்தைக்கூடப் பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். தசைதான் வேலைநிறுத்தம் செய்கிறதே தவிர புத்தி தெளிவாக இருக்கிறது. வெறிநோயில் முதலில் கெடுவது பெரும்பாலும் குணம். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். அறிகுறி தெரிந்தபின் நாள்கணக்கில் சரிந்து, பத்து நாளுக்குள் முடிந்துவிடும்.

சரி, வெறிநோயிலும் கால் விழுவது உண்டுதானே என்று கேட்பீர்கள். உண்டு. அதனால்தான் நான் நாயைத் தொடுவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, தடுப்பூசிச் சான்றிதழ் எங்கே என்பது. உயிரோடு இருக்கிற நாய்க்கு வெறிநோய் இல்லை என்று நிரூபிக்கும் பரிசோதனை எதுவும் கிடையாது, மூளையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். காலாவதியாகாத தடுப்பூசி இருந்தால், கடிபட்ட உடனே ஒரு பூஸ்டர், 45 நாள் வீட்டிலேயே கண்காணிப்பு. அவ்வளவுதான். தடுப்பூசியே போடாத நாய் என்றால் சட்டம் கொடூரமானது: கருணைக்கொலை, அல்லது நான்கு மாதம் கடுமையான தனிமை. இருபது முப்பது டாலர் ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டு, வேட்டைக்குத் தலையில் மாட்டும் நானூறு டாலர் விளக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பாண்டியின் சான்றிதழ் சரியாக இருந்தது. மூன்று வருட ஊசி, இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. ஆனால் கடிபட்ட அன்று பூஸ்டருக்கு யாரும் கூட்டிவரவில்லை. “சின்னக் கீறல்தான் மேடம்.” எல்லாரும் சொல்வது இதைத்தான். அன்றே போட்டேன்.

இதற்கு மருந்து கிடையாது. ஸ்டீராய்டு கேட்காதீர்கள், பலன் இல்லை. பராமரிப்புதான் வைத்தியம். தடித்த மெத்தை, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, தலையைத் தூக்கிப் பிடித்துச் சாப்பாடு, மடக்கி நீட்டிக் காலுக்குப் பயிற்சி. மூச்சு மேலோட்டமாக வாங்கினால் மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வென்டிலேட்டர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்றபடி பெரும்பாலான நாய்கள் சில வாரத்திலோ சில மாதத்திலோ எழுந்து நடக்கும். பொறுமை இல்லாமல் இரண்டாவது வாரமே துப்பாக்கியை எடுத்தவர்கள் உண்டு. இந்த சீசனில் என்னிடம் வந்த மூன்றாவது நாய் அப்படித்தான் போனது. அதைப் பற்றி எழுதினால் கை நடுங்குகிறது, விடுங்கள்.

இனி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இங்கே அது சட்டப்படி நடப்பது. லைசென்ஸ், சீசன் தேதி, ராத்திரியில் எந்தத் துப்பாக்கி, எந்த விளக்கு என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒவ்வொரு வருடமும் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். நிலத்துக்காரரிடம் பகலிலேயே போய் அனுமதி வாங்குங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் தோட்டத்தில் அறிமுகமில்லாத முகமும் விளக்கும் துப்பாக்கியுமாக நிற்பது அமெரிக்காவில் நல்ல யோசனை இல்லை, அதுவும் நம் முகத்துக்கு. (ஊரில் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை வைத்துக்கொண்டு முயல் வேட்டைக்கு ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்து உற்சாகமாக வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே காத்திருக்கிறது.)

தனியாகப் போகாதீர்கள். எந்த ஓடைப் பக்கம் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உறைபனி ராத்திரியில் ஆசையோடு கிளம்பிப் போய், விறைத்துப்போய்த் திரும்புகிற புதியவர்கள் அதிகம். ரக்கூன் உங்களைவிட விவரம். கடுங்குளிரில் பொந்தைவிட்டு நாள்கணக்கில் வெளியே வராது. குளிர் விட்டு, காற்று அடங்கி, தரை ஈரமாக இருக்கும் முதல் ராத்திரிதான் அது நடமாடும் ராத்திரி. அறுத்த சோளக்காட்டு ஓரமும் ஓடைக்கரையும்தான் அதன் வழி.

நடக்க மங்கலான சிவப்பு விளக்கு போதும். பெரிய விளக்கை மரத்தடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு கண் மின்னியதும் சுட்டுவிடாதீர்கள். பூனைக்கும் கண் மின்னும், ஒப்போசம் என்கிற இன்னொரு அமெரிக்கப் பிராணிக்கும் மின்னும். உடம்பும் வாலும் முகப்பட்டையும் தெரிந்தபின்தான் கை விசைக்குப் போக வேண்டும். கிளையின் நுனியில் வெறும் வானத்தைப் பின்னால் வைத்துச் சுடவே சுடாதீர்கள். சின்னத் தோட்டாதானே என்று நினைக்கும் 22 ரைஃபிள் தோட்டா ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டும், அங்கே யார் வீட்டு ஜன்னலோ. வேலியைத் தாண்டும்முன் தோட்டாவை எடுத்துவிடுங்கள். மரம் ஏறுகிற வேலையும் வேண்டாம்.

நாயின் குரலைக் கற்றுக்கொள்ளுங்கள். மோப்பத்தில் ஓடும்போது நீட்டி ஊளையிடுகிற மாதிரி வரும். மரத்தடிக்கு வந்ததும் வெட்டி வெட்டிக் குரைக்கும். அந்தக் குரல் தண்ணீர்ப் பக்கம் போய்த் திணறினால் நடக்காதீர்கள், ஓடுங்கள். ரக்கூன் வேண்டுமென்றே தண்ணீரில் இறங்கும். நீந்தி வரும் நாயின் தலைமேல் ஏறி அழுத்திவிடும். மூழ்கிச் செத்த நாயை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று சாலை. மோப்பத்தில் இருக்கிற நாய்க்கு லாரி சத்தம் காதில் விழாது. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் அவிழ்க்காதீர்கள், ஜிபிஎஸ் காலரும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள்.

இப்போது நான் கத்தப்போகிற இடம். சுடுவதற்கு முன் நாயைக் கட்டுங்கள்! மரத்திலிருந்து பத்தடி தள்ளி இன்னொரு மரத்தில், இறுக்கமாக. காயம்பட்டு விழுகிற ரக்கூன் சாகவில்லை, சண்டைக்குத் தயாராக விழுகிறது. என்னிடம் வருகிற கடிகளில் பெரும்பாலானவை அந்த அரை நிமிஷத்தில் நடந்தவை. “நாய்க்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா, வாயில கொஞ்சம் ரோமம் படணும்” என்று பெரியவர்களே சொல்வார்கள். படவே வேண்டாம். யுனைடெட் கென்னல் கிளப் என்ற அமெரிக்க நாய்ச் சங்கம் நடத்தும் இரவுப் போட்டிகளில் ரக்கூனைச் சுடுவதே இல்லை. மரத்தைக் கண்டுபிடித்துக் குரல் கொடுத்ததற்கே புள்ளி. அந்த நாய்களுக்கு உற்சாகம் குறைந்ததாக நான் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் நாயை பிக்கப் வண்டியின் பின்கதவுப் பலகையில் ஏற்றி, விளக்கு வைத்து, ரோமத்தை எதிர்ப்பக்கமாக நீவிப் பாருங்கள். காது, மூக்கு, தொண்டை, முன்னங்கால். பல் பதிந்த ஓட்டை மிளகு அளவுதான் இருக்கும். கையுறை போட்டுச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மறுநாள் பூஸ்டர். உங்களையே கடித்திருந்தால் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். அந்த ரக்கூனின் தலையைச் சிதைக்காமல் குளிரில் வைத்து சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். அதன் மூளை ஒன்றுதான் உங்களுக்கு ஊசி வேண்டாம் என்று சொல்ல முடியும்.

தோலுரிக்கும்போதும் கையுறை. பெரிய மரத்தடியிலும் விழுந்த மரத்தின் மேலும் ரக்கூன்கள் ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கும் கழிவைப் பார்த்தால் விலகி நடங்கள். அதில் உள்ள உருளைப்புழு முட்டை இரண்டு மூன்று வாரத்தில் வீரியமடையும், வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். மனித மூளைக்குள் போகக்கூடியது. ப்ளீச் அதை ஒன்றும் செய்யாது, கொதிக்கிற தண்ணீர் செய்யும். பூட்ஸை வாசலுக்கு வெளியே கழற்றுங்கள், வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் கட்டாயம்.

உயிரோடு பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விடுகிற புண்ணியமும் வேண்டாம். 1970களில் வேட்டைக்கு ரக்கூன் போதவில்லை என்று தென் மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பிடித்து அப்பலாச்சியன் மலைப்பக்கம் விட்டார்கள். கூடவே வெறிநோயும் வந்தது. 1977-இல் மேற்கு வர்ஜீனியாவில் தென்பட்டது, அப்புறம் வடகிழக்கு முழுவதும் பரவியது. அதை மேற்கே வரவிடாமல் தடுக்க இன்றுவரை ரக்கூன் தின்பதற்காக மீன்வாசம் வீசும் வெறிநோய்த் தடுப்பு மருந்துப் பொட்டலங்களை ஹெலிகாப்டரிலிருந்து தூவிக்கொண்டிருக்கிறார்கள். காட்டில் கிடந்தால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். நாய் தின்றுவிட்டால் பயப்படவும் வேண்டாம்.

பாண்டி எங்களிடம் ஆறு நாள் இருந்தது. அப்புறம் வீட்டு ஹாலில் மெத்தை. ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டுகிற முறை அவருடைய அம்மாவுக்கு, ஊரிலிருந்து வந்தவர். ரசம் சாதம் ஊட்டினேன் என்றார், நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டேன். ஐந்தாவது வாரம் முன்காலை ஊன்றியது. எட்டாவது வாரம் பரிசோதனைக்கு வந்தபோது, வாசலில் பார்சல் வண்டிக்காரரைப் பார்த்துத் தலையைத் தூக்கி நீளமாக ஒரு குரல் கொடுத்தது. வரவேற்பறையில் இருந்த பூனை எல்லாம் கூண்டுக்குள் பம்மிவிட்டன.

“அப்ப இந்த சீசன் கடைசி வாரம் கூட்டிட்டுப் போகலாமா மேடம்?” என்று கேட்டார். ஒருமுறை இந்த வாதம் வந்த நாய்க்கு இன்னொரு கடியில் மறுபடியும் வரலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் அம்மா என்னைப் பார்த்தார். பதில் அவரே சொல்லட்டும் என்று அடுத்த நாயைக் கூப்பிட்டேன்.